திருவாதிரைக்கு ஒளி கூடிய வருடம்

ஜனவரி 1, வியாழன்

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த புது டைரி. முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தது. தங்கபுஷ்பம், ஐம்பத்தாறு, கோவில்பட்டியில் பெயிண்ட் கடை, ஓ பாசிட்டிவ் என்று நிரப்பினேன். 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் விட்டிருந்த கோடு ஒரு விரல் நீளம்கூட இல்லை. பன்னிரண்டு வருடமாக மொட்டைமாடியில் எட்டு அங்குல டெலஸ்கோப்பை நிறுத்தி வைத்து, குளிர்காலம் முழுக்க வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டமான ஓரியனையே பார்த்து, பார்த்ததைப் பென்சிலால் வரைந்து வைக்கிறவள் அந்தக் கோட்டுக்குள் எப்படி அடங்குவாள்? 'உண்டு' என்று மட்டும் எழுதினேன்.

ஏழரைக்கு மாடி ஏறினேன். நிலா பெரிதாக இருந்ததால் நெபுலா என்கிற விண்மேகத்தின் பக்கம் போகவில்லை. ஆனால் நட்சத்திரத்தின் ஒளியை அளக்க நிலா தடையில்லை. வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக இருப்பதுதான் நம்முடைய திருவாதிரை. காலில் வெள்ளையாக இருப்பது ரைஜல். ரைஜல் பெரிதாக மாறாது. திருவாதிரைக்கு ஒளி கூடும், குறையும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதற்கு ஓர் எண் போட வேண்டும். எண் சிறியதானால் ஒளி அதிகம். வழக்கமாக 0.5 பக்கத்தில் கிடக்கும். இன்று நான் போட்டது 0.1. அதாவது ரைஜலுக்குச் சமம்.

மூன்று முறை பார்த்தேன். டெலஸ்கோப் பழக்கத்தில், வெறும் கண்ணால் பார்க்கும்போதுகூட இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பேன். மூன்று முறையும் சமம். போன குளிர்காலத்திலிருந்தே கூடிக்கொண்டு வருகிறது. வருடம் நன்றாகப் பிறந்திருக்கிறது.

ஜனவரி 3, சனி

ஆருத்ரா தரிசனம். அரிசியை வறுத்து உடைத்து, வெல்லப்பாகு வைத்துக் களி கிண்டினேன். ஏழு காய் போட்டுக் கூட்டு. என் வீட்டுக்காரர் வன்னியபெருமாள் மூன்று தடவை களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாமிக்கு உகந்த நட்சத்திரத்துக்கு நம்பர் போடுகிற ஒரே பெண்பிள்ளை நீதான் என்றார். அவருக்கு வானத்தில் சூரியனும் மழையும் தெரியும், அவ்வளவுதான். மழை வந்தால் பெயிண்ட் விற்காது.

இன்றைக்கும் 0.1. 'தென்வானம்' வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நெல்லையிலிருந்து நாகர்கோவில் வரை பத்தொன்பது பேர் இருக்கிற குழு. திருவாதிரை நாளில் திருவாதிரை ரைஜலைத் தொட்டுவிட்டது என்று எழுதியதும் கைதட்டல் படமாக வந்து விழுந்தது. தென்காசி பல் டாக்டர் காதர் மைதீன் மட்டும், 'நான் பார்த்தது 0.5. உங்கள் பக்கம் மேகம் இருந்ததா?' என்று கேட்டிருந்தார்.

மேகமாம். பல்லைப் பிடுங்குகிறவருக்கு நட்சத்திரத்தைப் பற்றி என்ன அவ்வளவு நிச்சயம்?

ஜனவரி 6, செவ்வாய்

டெலஸ்கோப் கண்ணாடியைக் கழற்றிக் கழுவினேன். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை. வடித்த நீர் இரண்டு கேன் செலவு.

ஜனவரி 9, வெள்ளி

கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மிஷின் இருந்தாலும், எங்கள் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது என் கை. வாடிக்கையாளர் வாயால் சொன்னால் போதும், அதே நிறத்தைக் கலந்து கொடுப்பேன். இன்று அமுதவல்லி டீச்சர் படுக்கையறைக்கு வெளிர் வான்நீலம் கேட்டார்கள். பத்து லிட்டர் வெள்ளையில் நீல ஸ்டெயினரை, அதாவது நிறச்சாயத்தை விட்டு, மாடிப் பழக்கத்தில் இடது கண்ணை மூடிப் பார்த்துக் கலக்கினேன். இந்த வருடம் கம்பெனிக்காரன் ஸ்டெயினரில் தண்ணீர் கலக்கிறான் போலிருக்கிறது. நீலம் ஏறவே மாட்டேன் என்கிறது. அரைப் பாட்டில் போன பிறகுதான் வான்நீலமாக வந்தது.

டீச்சர் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி கடையை நானே பூட்டுகிறேன், நீ மாடிக்குப் போ என்றார். நல்ல மனிதர்தான், சொல்லிக்கொள்வதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நிலா இல்லாத நல்ல இருட்டு. வேட்டைக்காரனின் இடைக்கச்சைக்கு மேலே மெஸ்ஸியர் 78 என்று ஒரு மங்கலான புகை உண்டு. நேராகப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும்; ஓரக்கண்ணால் பார்த்தால் எட்டிப் பார்க்கும். பத்து வருடமாக எனக்கு அது எதிர்வீடு மாதிரி. இன்று முக்கால் மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அகப்படவில்லை.

எல்லாம் எதிர்வீட்டுப் போர்டிகோ விளக்கால் வந்த வினை. மாடியிலிருந்தபடியே சத்தம் போட்டேன். எதிர்வீட்டு மரகதம் நல்ல குணம், பாவம், உடனே அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து, விளக்கைப் போட்டுக்கொள்ளட்டுமா, இருட்டில் செருப்பைத் தேட முடியவில்லை என்று கேட்டாள்.

ஈரப்பதம் அதிகம் என்று குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வருவோமா என்று இவர் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். சும்மா, ஐம்பது தாண்டினால் எல்லாரும் காட்டுகிறார்கள் என்றார். என் கண்ணுக்கு என்ன, திருவாதிரையின் ஒளியைப் பத்தில் ஒரு பங்கு சுத்தமாக அளக்கிற கண் என்று சொல்லிவிட்டு உளுந்தம்பருப்பு புடைக்க உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு அறுபது வயதில் பார்வை போனது. கடைசிப் பத்து வருடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் புழக்கடைக்குப் போவார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உளுந்தில் கல் நிறைய.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. திருவாதிரை 0.0.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். பன்னிரண்டு வருடமாக இந்த நாளில் எங்கள் மொட்டைமாடி தெருவுக்குச் சொந்தம். ஊரெல்லாம் பூங்காவுக்கும் ஆற்றங்கரைக்கும் போய்க் காண்கிறதைக் கண்டுவிட்டு, ஏழு மணிக்கு எங்கள் மாடிக்கு வருவார்கள். முப்பத்தைந்து பேர் வந்தார்கள். சுண்டல் இரண்டு படி அவித்திருந்தேன்.

முதலில், வேட்டைக்காரனின் தலைக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். பார்த்தால் அச்சாக 37 என்று எழுதியது போலவே இருக்கும். என் டெலஸ்கோப்பில் தலைகீழாகத் தெரியும் என்பதால் ஒவ்வொருவரும் கழுத்தைத் திருகிக்கொண்டு பார்த்தார்கள். மரகதம் குனிந்து வளைந்து பார்த்துவிட்டு, கடவுள் எதற்கு இந்த நம்பரை எழுதினார், பஸ் நம்பரா என்று கேட்டாள். மாடி முழுக்கச் சிரிப்பு. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்புறம் பெரிய நெபுலா. வேட்டைக்காரனின் வாளில் இருக்கிற மேகம். அதற்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. நடுவில் நான்கு குட்டி நட்சத்திரங்கள் நாற்கரமாக நிற்கும். எங்களிடம் பெயிண்ட் வாங்கி வேலை பார்க்கிற சவரிமுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாலு கல்லு வச்ச மூக்குத்தி கெணக்கா இருக்கு. சுத்தி இருக்கது கடல்பச்சை. ஓரத்துல நீலமும் ஓடுது."

நெபுலாவுக்கு நிறம் கண்ணுக்குத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும் என்று திருத்தினேன். பிறகு நான் பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. நாலு கல்லில் மூன்றுதான் ஒழுங்காகத் தெரிந்தது. கீழே இறங்கும்போது சுவரில் கை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

எல்லாரும் போன பிறகு சவரிமுத்து சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். டீச்சர் வீட்டுச் சுவர் எப்படி வந்தது என்று கேட்டேன். பிரமாதமாக வந்தது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீங்க கலந்தது மயில்கழுத்தா இருந்துச்சுக்கா. அதான் அண்ணாச்சி காலையில திரும்பக் கலந்து குடுத்துட்டாகல்ல. ரெண்டு வருசமா அப்படித்தான."

அவனுக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையிலிருந்து இவரோடு பேசவில்லை. தோசையை மட்டும் தட்டில் வைத்தேன். மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். இரண்டு வருடமாக என் டப்பாக்களை என் முதுகுக்குப் பின்னால் திரும்பக் கலக்குகிறீர்களா என்று கேட்டேன்.

மறுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் இல்ல. நீலத்த மட்டும். உன் கையால கலந்ததுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க அப்பாவ நெனப்ப. மாடிக்குப் போக மாட்ட. பேசாம மூலையில உக்காந்துருவ. நீ அப்படி உக்காந்திருக்கத என்னால பாக்க முடியாது, தங்கம்."

கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. முப்பத்திரண்டு வருடம் கூட இருக்கிற மனுஷன் என்னை முட்டாளாக்கிவிட்டார் என்று சொல்லிக் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்தார். கத்தி முடித்த பிறகு நாலாவது தோசை வேண்டுமா என்று நானேதான் கேட்டேன்.

கம்பெனி ஸ்டெயினரில் தண்ணீர் கலக்கவில்லை என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

குழுவில் ரகளை. என் 0.0-ஐப் பார்த்துவிட்டு நாகர்கோவில்காரர் ஒருவர் வயதான நட்சத்திரமாயிற்றே, திருவாதிரை வெடிக்கப் போகிறதா என்று கேட்க, இன்னொருவர் அதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். குழுவில் அளவு போடுகிற மற்ற ஆறு பேரும் 0.5 என்றே போட்டிருக்கிறார்கள். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மத்தியானம் பல் டாக்டர் மைதீன் போன் செய்தார். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன். அவர் முதலில் பொங்கல் வாழ்த்துச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், நீங்க எந்தக் கண்ணால பாக்கீங்க?"

வலது என்றேன். எப்போதுமா என்று கேட்டார். எப்போதும்தான் என்றேன். பிறகு, செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்தும்போது தான் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்ப்பதாகவும், அவருடைய இரண்டு கண்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்றும் சொன்னார். நாளைக்கு வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை பாருங்கள் என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். அது பொய்.

ஜனவரி 21, புதன்

ஏழரை மணி. வானம் துடைத்துவிட்டது மாதிரி சுத்தம்.

வலது கண்: திருவாதிரையும் ரைஜலும் சமம்.

இடது கண்: ரைஜல் பளிச்சென்று வெள்ளை, திருவாதிரை ஒரு படி கீழே. 0.4.

வலது. இடது. வலது. இடது. கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறையாது. திருவாதிரைக்கு ஒளி கூடவில்லை. எனக்கு ரைஜலின் நீலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தெருவிளக்கு, ஈரப்பதம், கண்ணாடித் தூசி, ஸ்டெயினர், மரகதத்தின் போர்டிகோ என்று ஊரையே கோணல் என்றிருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. நேரம் பார்க்கவில்லை. இந்த நெபுலாவை, அந்த நாலு கல்லை இனிமேல் பார்க்கவே முடியாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று மட்டும்தான் யோசனை ஓடியது. கடை, நடை, சமையல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

கீழே வந்து இவரிடம் மதுரைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். எப்போது போட்டீர்கள் என்று கேட்டதற்கு, பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க எழுந்து போனார்.

ஜனவரி 23, வெள்ளி

மதுரை. கண்ணில் மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் வரிசையாக நாற்பது பேர், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அரசியல் பேசினார்கள்.

டாக்டர் சுகந்திக்கு என் மகளாக இருக்கிற வயதுதான். நெற்றியில் விளக்கோடு என் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, புரை என்றார். வலது கண்ணில் முற்றிவிட்டது, இடதில் இப்போதுதான் ஆரம்பம்.

"உள்ள லென்ஸ் டிகாஷன் நிறத்துக்குப் போயிருச்சும்மா. நீலத்தை உள்ள விடாது. பின்னாடி விழித்திரை அருமையா இருக்கு. இருபது நிமிஷ வேலை."

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவருக்கும் இதுவாகவே இருந்திருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று கேட்டார். போகவில்லை. வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். நானும் நினைத்தேன்.

பஸ்ஸில் திருமங்கலம் வரை அழுதேன். அதற்கப்புறம் பசித்தது. இவர் கப்பலூர் தாண்டும்போதே பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார், இட்லி ஆறிப்போயிருந்தது.

பிப்ரவரி 4, புதன்

ஆபரேஷன் முடிந்தது. கண் கட்டியிருக்கிறது, இடது கண்ணால் எழுதுகிறேன், எழுத்து மேலேயும் கீழேயும் போகிறது. வலி இல்லை. பழைய லென்ஸைக் கரைத்து எடுக்கும்போது ஒரு பெரிய வெளிச்சமும் அதற்குள் சிவப்பும் ஊதாவுமாக அலையும் தெரிந்தது. டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியும் நான் நெபுலா மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆடாமல் படுங்கம்மா என்று அதட்டு விழுந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பழுப்பு வெள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சுவர் சுத்தமான வெளிர்நீலம். நர்ஸின் வெள்ளை உடுப்பு கண்ணைப் பறித்தது. ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தேன். யாரோ ஸ்டெயினரைப் பாட்டிலோடு கவிழ்த்துவிட்டார்கள்.

இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல நீலச் சட்டை போட்டிருந்தார். ஆபரேஷனுக்காகப் புதுச் சட்டை எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"நீ எடுத்துக் குடுத்ததுதான். மூணு வருசம் ஆச்சு. சாம்பக் கலர்னு சொல்லி எடுத்த."

அழக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள். சிரிக்கலாமா என்று கேட்டேன். மெதுவாகச் சிரிக்கலாம் என்றாள்.

அவருக்கு நரை இவ்வளவு வெள்ளையாகிவிட்டது என்பதும் இன்றைக்குத்தான் தெரியும். அழகாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தலைக்குக் குளிக்கக்கூடாது. குனியக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. அடுப்படியிலும் இவர்தான். ரசத்தில் புளியே இல்லை, ஆனால் நிறம் நன்றாக இருந்தது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு குழுவில் எழுதினேன். 'இரண்டு குளிர்காலமாக நான் கொடுத்த திருவாதிரை அளவுகள் அத்தனையும் தவறு. காரணம் என் வலது கண்ணின் புரை. தயவுசெய்து எல்லாவற்றையும் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள். என்னை நம்பி வெடிக்கும் என்று காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் மைதீன் கேட்டது சரியான கேள்வி.'

அனுப்பிவிட்டுப் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். ஐம்பத்தெட்டு அளவுகள். ஒவ்வொன்றுக்கும் மாடி ஏறியிருக்கிறேன். மனசு கனத்துத்தான் போனது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மைதீன் போன் செய்தார். நீக்கவில்லை என்றார். நீக்க மாட்டேன் என்றும் சொன்னார். குழுவின் பதிவேடு அவர் கையில்தான் இருக்கிறது. போனில் ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொண்டே பேசுங்கள் என்றார்.

மற்றவர்களுடைய புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏறி இறங்கி 0.5 பக்கத்தில் படுக்கையாகக் கிடந்தன. என்னுடைய ஐம்பத்தெட்டுப் புள்ளிகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. பிறகு மெதுவாக, ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று, கோடு போட்ட மாதிரி சரிவாக விலகிப் போகின்றன. ஒரு புள்ளிகூட வழி தவறவில்லை.

"மேடம், இது தப்பான அளவு இல்ல. நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க. ஆனா நீங்க அளந்தது நட்சத்திரத்த இல்ல. உங்க கண்ணு மஞ்சளாகுறத மாசாமாசம் அளந்திருக்கீங்க. இவ்வளவு சுத்தமா யாராவது அளந்து நான் பார்த்ததில்ல."

அவர் தொடர்ந்து, பதிவேட்டில் உங்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன், தலைப்பு நீங்களே சொல்லுங்கள் என்றார். வரைபடத்தை டாக்டர் சுகந்திக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: மாணவர்களுக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பல்லைப் பிடுங்குகிறவர் என்று இந்த டைரியில் எங்கோ எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் 'தங்கமான மனிதர்' என்று சேர்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

டெலஸ்கோப்பில் பார்க்கலாம், கண்ணை எதிலும் அழுத்தக்கூடாது, பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே இவர்தான் டெலஸ்கோப்பை இரண்டு துண்டாகத் தூக்கி மாடி ஏற்றினார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. இதை நீ தினமும் தூக்கினாயா என்று கேட்டுவிட்டு, தொட்டியின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

வெறும் கண்ணால் முதலில். ரைஜல் நீலம். வெள்ளை இல்லை, நீலம். பன்னிரண்டு வருடம் முன்னால் முதல் நாள் பார்த்தபோது நீலமாகத்தான் இருந்தது. எப்போது வெள்ளையானது என்று எனக்குத் தெரியவே இல்லை. திருவாதிரை ஒரு படி கீழே, செங்கல் சிவப்பில். 0.5.

மெஸ்ஸியர் 78-ஐப் பிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஓரக்கண்ணெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

பிறகு வாளுக்குத் திருப்பினேன். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸுக்கு ஒரு விரல் தள்ளிக் கண்ணை வைத்தேன்.

நாலு கல் இல்லை. ஆறு. நாலுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இன்னும் இரண்டு உண்டு என்று எல்லாரும் எழுதுவார்கள். பன்னிரண்டு வருடமாக ஐந்தாவதை ஒரே ஒரு தடவை, அதுவும் சந்தேகத்தோடு குறித்திருக்கிறேன். இன்று ஆறும் அசையாமல் நின்றன. சுற்றிலும் மேகம், இரண்டு கையையும் விரித்தது போல. அதன் நிறம் கடல்பச்சை. ஓரத்தில் நீலம் ஓடுகிறது. சவரிமுத்து சொன்னது ஒரு எழுத்துப் பிசகில்லை. நாளைக்கு முதல் வேலை அவனிடம் சொல்ல வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல இவர் டார்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் எழுதினார். அவருக்கு ஸ்பெல்லிங் எல்லாம் தப்பு, ஒன்றையும் திருத்தவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்பா, உங்களுக்கும் இது கிடைத்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். இவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதையும் எழுதட்டுமா என்று கேட்டார்.

எழுதுங்கள் என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கடைக்குப் போனேன். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு.

பத்தரை மணிக்கு எட்டயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்கு வீட்டின் முன்பக்கம் மட்டும் அடிக்கிறாராம், பக்கச் சுவர் பழைய நிறமே இருக்கட்டும், இரண்டும் சேர வேண்டும் என்றார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைப் பெயர்ப்பைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வெயிலில் வெளுத்த நீலம். அதற்குள் எங்கோ ஒரு துளி பச்சை, ஒரு துளி கறுப்பு. மிஷினால் ஆகாத நிறம்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்டெயினர் பாட்டில்களை இறக்கினேன்.

நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பதினோராவது சொட்டில் கை தானாக நின்றது. பச்சை ஒன்றரைச் சொட்டு. கறுப்பு, குச்சியின் நுனியில் தொட்டது. கால் மணி நேரம் கலக்கினேன். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் கல்லாவிலிருந்து எழுந்து, தன்னுடைய கலக்கும் குச்சியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பாருங்கள் என்று நகர்ந்துகொண்டேன்.

காரைத் துண்டின் பாதிக்கு என் நிறத்தைப் பிரஷ்ஷால் பூசி ஊதி ஊதி உலர்த்தினார். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தார். நிழலில் பிடித்தார். திருப்பி, சாய்த்து, தூரத்தில் வைத்து எல்லாம் பார்த்தார். பிறகு துண்டை வந்தவரிடம் கொடுத்து, இதில் எந்தப் பக்கம் புதுசு என்று சொல்லுங்கள் என்றார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார்.

இவர் குச்சியை டப்பாவுக்குள் விடவே இல்லை. உலர்ந்தபடியே மேஜை மேல் வைத்துவிட்டு, மூடியை எடுத்துப் போட்டு, சுத்தியலால் நாலு பக்கமும் தட்டி மூடினார்.